‘என்ப’ இழந்த குரல்



தாம்பரம் – கடற்கரை மின்தொடர்வண்டியில் செவிக்கருவி அணிந்து ஒலிநூல் கேட்டுச் செல்வோர் உளர். படிக்க ஓய்வற்றோர்க்கு அது நன்றே. ஆயினும் சமயமும் வரலாறும் கூறும் ஒலிநூல்கள் பல ஏமாற்றமே தருகின்றன.

அப்பரால் மகேந்திரவர்மன் சமணம் விடுத்துச் சைவனான செய்தியைக் கொள்வோம். வண்டி கடந்து செல்லும் பல்லாவரத்தில் அவனுடைய குடைவரை இருக்கிறது. பின்னாளில் அது தர்காவாயிற்று. அங்கே அவன் விருதுப்பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. மதமாற்றம் பற்றி ஒன்றும் இல்லை. அதனை விரித்துரைப்பவர் அருகிலுள்ள குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார். ஊர் பக்கந்தான், காலமோ ஐந்நூறு ஆண்டுகள் பிந்தியது. அவரும் மகேந்திரன் என்று பெயர் சுட்டவில்லை. அவர் கூறும் குணபரவீச்சரம் என்னும் கோயிற்பெயரையும், திருச்சிராப்பள்ளிக் குடைவரைக் கல்வெட்டில் வரும் குணபரன் என்னும் விருதையும் இணைத்தே ஆய்வாளர் இனங்கண்டனர். அக்கல்வெட்டும் நெறிமாற்றத்தைக் குறிப்பாகவே உணர்த்தும், அப்பரைச் சொல்லாது.

கல்வெட்டு, காப்பியம், ஊகம் ஆகிய மூன்றையும் ஒலிநூல் ஒரே உறுதிக் குரலில், பின்னணி இசையோடு, ஓதிவிடுகிறது. அடிக்குறிப்பைப் படித்தால் சுவை கெடுமாம்! செவிவழியே கல்வி பரவிய காலத்துத் தொல்காப்பியரோ ‘என்ப’, ‘என்மனார்’ என்று பிறர் கூற்றைப் பிரித்துக் காட்டினார்.

இவ்வவையில் ஒலிநூலுக்குக் குரல் தருவோரும் இருக்கலாம். ‘சேக்கிழார் கூறுவார்’ என்று சேர்த்துப் படிக்க இரண்டு நொடி போதும்.