முதலில் ஒரு கணினி



நம் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், அரசு எடுத்த எடுப்பிலேயே தோணிகளைக் கடலுக்கு அனுப்பியதில்லை. முதலில் முத்துப் பார்களைச் சோதித்தார்கள். மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்து, கிடைத்த முத்தை மதிப்பிட்ட பிறகே குளிப்பை அறிவித்தார்கள். பள்ளிக் கணினி ஆய்வகத்தில் லினக்ஸ் மென்பொருள்களைப் புதுப்பிக்கும்போதும் அந்த நிதானம் வேண்டும்.

2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே பாஸ் லினக்ஸ் நம் மாணவர் பலருக்கு அறிமுகமானது. சிடாக் நிறுவனம் அதை டெபியன் லினக்ஸின் அடிப்படையில் உருவாக்கியது. உபுண்டுவும் அதே வழியில் வந்ததுதான். ஆகவே நான் சொல்லும் முறை இம்மூன்றுக்கும் பொருந்தும்.

“ஓடுகிற கணினியைத் தொடுவானேன்?” என்று சிலர் கேட்பார்கள். புதுப்பிக்காவிட்டால் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமலே இருக்கும். ஆனால் பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு முந்தைய நாள் அந்த வேலையில் இறங்கக் கூடாது. பைத்தான் இயங்காமல் போனால் தவிப்பது மாணவர்தான்.

முதலில் மாணவரின் கோப்புகளைப் பென் டிரைவிலோ வேறு வட்டிலோ படியெடுத்து, அது திறக்கிறதா என்று பாருங்கள். வட்டில் போதிய இடமும், மின்சாரம் போனால் தாங்க யுபிஎஸ்ஸும் இருக்கட்டும்.

அடுத்து, ஒரே ஒரு கணினியில் தொடங்குங்கள். ‘ஆப்ட் அப்டேட்’ கட்டளை பட்டியலை மட்டுமே புதுப்பிக்கும். ‘ஆப்ட் அப்கிரேட்’தான் மென்பொருளை மாற்றும், ஆனால் நிறுவியிருக்கும் எதையும் நீக்காது. ‘ஃபுல் அப்கிரேட்’ தேவைப்பட்டால் சிலவற்றை நீக்கிவிடும். எனவே அது காட்டும் நீக்கப் பட்டியலைப் படித்த பிறகே ‘ஒய்’ அழுத்துங்கள். நீங்கள் திருத்திய அமைப்புக் கோப்பை மாற்றவா என்று கேட்டால், பழையதையே வைத்துக்கொள்வது நல்லது. பாதியில் கணினியை அணைக்காதீர்கள்.

டெபியனில் ஒரு பெரும் பதிப்பைத் தாண்டி அடுத்ததற்குக் குதிக்கக் கூடாது. படிப்படியாகத்தான் ஏற வேண்டும்.

முடிந்ததும் மறுதொடக்கம் செய்து, பைத்தான், தமிழ்த் தட்டச்சு, பிரிண்டர், புரொஜெக்டர் நான்கையும் இயக்கிப் பாருங்கள். ஒரு வாரம் பாடவேளைகளில் அந்தக் கணினி ஒழுங்காக ஓடினால், மற்றவற்றுக்குச் செல்லுங்கள்.

ஆய்வகத்தில் ஒரு நோட்டு வைத்து, எந்தத் தேதியில் எந்தக் கணினியில் என்ன மாற்றினோம் என்பதை மாணவரையே எழுதச் சொல்லுங்கள். நாம் மாறுதலில் போனாலும், அடுத்து வரும் ஆசிரியருக்கு அந்த நோட்டு கைகொடுக்கும்.