எல்லை கடக்கும் வியாபாரக் குறிகள்

ரொறன்ரோ நகரக் கடையொன்றில் காலணி வாங்குபவர் அதிற் பொறித்த குறியை நம்பி வாங்குகிறார். அக்குறி எந்த நாட்டாருடையது என்று அவர் ஆராய்வதில்லை. ஆராய்ந்தால் வியப்படைவார். கனடாவின் வியாபாரக் குறிப் பதிவேட்டை நாடிவரும் விண்ணப்பங்களிற் பாதிக்கு மேற்பட்டவை பிறநாட்டாருடையவை. அவர்களுள் முன்னிற்போர் ஐக்கிய அமெரிக்கர். எல்லைக்குத் தெற்கே, அமெரிக்கப் பதிவேட்டிலோ, நெடுங்காலமாகச் சொந்த நாட்டாரின் கையே ஓங்கியிருந்தது.

இதற்குக் காரணம் தேட வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. அமெரிக்க விளம்பரம் அனுமதி கேளாமலே எல்லை தாண்டுகிறது. வியாபாரக் குறியின் உரிமையோ எல்லையில் நின்றுவிடுகிறது. ஆகவே அமெரிக்க வணிகர் வடக்கேயும் தனியே பதிவுசெய்ய வேண்டியவராகிறார். 1883ஆம் ஆண்டின் பரிஸ் உடன்படிக்கை அவருக்கு ஆறு மாத முன்னுரிமை அளிக்கிறது. அதற்குள் விண்ணப்பித்தால், தம் நாட்டில் விண்ணப்பித்த நாளே அங்கும் கணக்கில் எடுக்கப்படும்.

இரு நாடுகளும் குறியின் உரிமையை அதன் பயன்பாட்டோடு பிணைத்தே பழகியவை. ஆயினும் 2019 யூன் 17இல் கனடா தன் வழியை மாற்றிக்கொண்டது. பதிவுக்கு முன் பயன்பாட்டை உறுதிசெய்யும் பிரகடனம் அன்றோடு நீங்கிற்று. ஒரே விண்ணப்பத்தாற் பல நாடுகளை அணுகும் மட்றிட் முறையிலும் அந்நாடு அன்றே சேர்ந்தது. ஐக்கிய அமெரிக்கா அம்முறையில் 2003இலேயே சேர்ந்திருந்தது. ஆனால் பயன்பாட்டை அது கைவிடவில்லை. தாய்நாட்டுப் பதிவைக் கொண்டு உள்ளே வரும் பிறநாட்டாரும், ஐந்தாம் ஆண்டுக்கும் ஆறாம் ஆண்டுக்கும் இடையிற் குறி வழக்கில் உள்ளதென்று உறுதிகூற வேண்டும்.

இத்தகைய காவல் இருந்தும் அமெரிக்கப் பதிவேடு தப்பவில்லை. சீனாவின் சில நகரங்கள் வெளிநாட்டுப் பதிவுக்கு மானியம் வழங்கின. இணையச் சந்தைகளும் தம்மிடம் விற்போரிடம் பதிவுபெற்ற குறியை எதிர்பார்க்கலாயின. விண்ணப்பங்கள் வெள்ளமெனப் பெருகின. சான்றாக அனுப்பப்பட்ட படங்கள் சிலவற்றில் பொருள் ஒன்றே, பெயர் மாத்திரம் வேறு! கணினியால் ஒட்டப்பட்ட பெயர்கள் அவை. விற்கப்படாத பொருளின் பெயரும் பதிவேட்டில் ஏறிவிட்டால் இடம் பிடித்த இடமே. பின்னர் உண்மையாகவே கடை திறக்கும் சிறு வியாபாரி, தாம் தேர்ந்த பெயர் முன்னரே பறிபோயிருக்கக் காண்கிறார். பிறநாட்டார் அனைவரையும் ஐயுறுவது நியாயமன்று, பெரும்பாலோர் நேர்மையாளரே. எனினும் சுமை மெய்யானது. 2019 ஓகஸ்ட் 3 முதல், வெளிநாட்டில் வதிவோர் அமெரிக்கச் சட்டத்தரணி ஒருவர் மூலமே விண்ணப்பிக்க வேண்டும் என்று அமெரிக்கா விதித்தது. வழங்காத குறிகளை விரைவில் நீக்கும் முறையும் 2021 திசெம்பரில் நடைமுறைக்கு வந்தது.

கனடாவுக்கு நேர்ந்த துன்பம் வேறுவகை. வாயில் அகன்றதும் மட்றிட் வழி விண்ணப்பங்கள் குவிந்தன. முதற் பரிசோதனைக்கே ஈராண்டுக்கு மேற் காத்திருக்கும் நிலை தோன்றிற்று. காத்திருப்பவருள் உள்நாட்டு வணிகரும் உண்டு. கடைக்குப் பெயர்ப்பலகை எழுதுவதா, பொறுப்பதா என்று அவர்கள் தடுமாறினர். பயன்பாட்டை வாயிலில் விலக்கிய கனடா, 2025 ஏப்பிரில் 1 முதல் அதனை வேறொரு கதவால் அழைத்துக்கொண்டது. பதிவின் முதல் மூன்றாண்டுகளுள் பிறர்மீது வழக்குத் தொடுப்பவர், சிறப்பான காரணம் இருந்தாலன்றி, தம் குறியைக் கனடாவில் உண்மையாகவே வழங்கியதை நிறுவினால்தான் நீதிமன்றில் நிவாரணம் பெறலாம்.