செவிப்புலனும் வரிச் சலுகையும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

இறைவன் நமக்கு வழங்கிய அருட்கொடைகளில் செவிப்புலன் தலையாயது. செவியையும் பார்வையையும் சேர்த்துக் குறிப்பிடும் பெரும்பாலான இடங்களில் திருமறை செவியையே முற்படுத்துகிறது. அந்த அருட்கொடையை இழந்து வரும் நம் சகோதரர்களைக் குறித்தே இன்று பேச விழைகிறோம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு ஆலைகளிலும் வார்ப்படச் சாலைகளிலும், காக்களூர் தொழிற்பேட்டையிலும் நம்மவர்கள் பல்லாண்டுகளாக உழைத்து வருகின்றனர். ஓயாத இரைச்சல் உட்செவியின் நுண்ணிய உணர்செல்களை அழிக்கிறது. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் மூன்றாம் அட்டவணையில் இதனைத் தொழில்சார் நோயாகவே ஏற்றிருந்தது. ஆனால் நாமோ, 'வயதாகிவிட்டது' என்று சொல்லிக் கடந்து விடுகிறோம். எச்சரிக்கை மணி கேளாத தொழிலாளிக்கு உயிரே ஆபத்தில் இருக்கிறது. குத்பா செவியில் விழாத முதியவர் சபையில் அமர்ந்திருந்தும் தனித்து விடுகிறார். செவி கேளாத குழந்தைக்கோ பேச்சே தாமதமாகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நம் நாட்டில் செவித்திறன் குறைந்தோர் 50 லட்சத்திற்கும் அதிகம். உலகில் 43 கோடிப் பேருக்கு மறுவாழ்வு உதவி தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் அறிவித்தது.

'காது கேட்கும் கருவிக்குத்தான் வரியே இல்லையே' என்று சிலர் வினவலாம். உண்மைதான். 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரியில், இக்கருவி விலக்குப் பட்டியலில் இடம்பெற்றது. ஆயினும் சுமை முற்றிலும் நீங்கவில்லை. விற்கும் பொருளுக்கு வரிவிலக்கு இருக்கும்போது, அதைத் தயாரிப்பவர் உதிரிப் பாகங்களுக்கும் சேவைகளுக்கும் செலுத்திய வரியைத் திரும்பப் பெற இயலாது. அது விலைக்குள் புகுந்து விடுகிறது. அடிக்கடி மாற்ற வேண்டிய சிறு பேட்டரிகளுக்கும், பழுது பார்ப்பதற்கும் 18 விழுக்காடு வரி உண்டு. கருவியை ஒருமுறை வாங்குகிறோம். பேட்டரியையோ ஆயுள் முழுவதும் வாங்குகிறோம்.

வருமான வரியிலும் குறை உண்டு. மாற்றுத்திறனாளிக்கும் அவரைப் பராமரிப்போருக்கும் பழைய வரி முறையில் 75,000 ரூபாயும், கடும் பாதிப்பெனில் 1,25,000 ரூபாயும் கழிவு அளிக்கப்பட்டது. அதற்கு 40 விழுக்காடு பாதிப்பிற்கான சான்று வேண்டும். புதிய வரி முறையில் இக்கழிவே இல்லை. பாதிப்பு 40 விழுக்காட்டிற்குக் குறைந்தவர், கருவி அவசியமாக இருந்தும், இரு முறைகளிலும் விடுபட்டுப் போகிறார்.

எனவே நாம் வேண்டுவன மூன்று: பேட்டரிக்கும் பழுது நீக்கத்திற்கும் வரி நீக்கப்பட வேண்டும், உதிரிப் பாகங்களின் வரிச்சுமை விலையில் ஏறாமல் தடுக்க வேண்டும், மருத்துவர் பரிந்துரைத்த கருவியின் செலவை எம்முறையிலும் வருமானத்தில் கழிக்க அனுமதிக்க வேண்டும். சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தில் மாநில அமைச்சர்களும் உறுப்பினர்கள். ஆகவே நம் மனு மாநில நிதியமைச்சருக்கும், திருவள்ளூர் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் செல்ல வேண்டும். இது ஒரு சமுதாயத்தின் கோரிக்கையன்று. அண்டை அயலார் அனைவரின் கையொப்பமும் அதில் இடம்பெறட்டும்.

வருமான வரிச் சலுகை வரி செலுத்துபவருக்கே பயன்படும் என்பதையும் மறவோம். தினக்கூலி பெறும் சகோதரருக்கு வேறு வழிகள் உள்ளன. இ.எஸ்.ஐ. காப்பீட்டில் உள்ளோர் அதன் மருத்துவமனை வழியே கருவி பெறலாம். தகுதியுடையோருக்குத் திருவள்ளூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் விலையின்றி வழங்குகிறது. விண்ணப்பம் எழுதத் தெரியாதவருக்கு நம் இளைஞர்கள் எழுதிக் கொடுக்கட்டும்; தனியே செல்ல இயலாதவருடன் துணை செல்லட்டும். அதற்கும் வழியற்ற ஏழைக்கு நம் பைத்துல்மால் கை கொடுக்கட்டும்.

செவி உள்ளவர்களாகிய நாம், செவி குன்றியவர்களின் குரலாக இருப்போமாக! அல்லாஹ் நம் முயற்சியை ஏற்றருள்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.