பனிவண்டியின் காபுரேற்றர்

1934ஆம் ஆண்டின் மாரிகாலம். கனடாவின் கியூபெக் மாகாணத்திலே, ஜோசப் ஆர்மண்ட் பொம்பார்டியே என்பாரின் இரண்டு வயது மகன் கடும் நோயுற்றான். பாதைகளைப் பனி மூடியிருந்தமையால் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வழியின்றிக் குழந்தை இறந்தது. பனிமேல் ஓடும் வண்டியொன்றை ஆக்க முன்னரே முயன்றுவந்த அத்தந்தையார், 1937இல் தமது வண்டியின் பட்டியமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1959இல் அவரது நிறுவனம் சிறிய பனிவண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஆளற்ற பனிவெளியில் வண்டி நின்றுவிடின், ஏறிச்சென்றவரின் உயிருக்கே ஆபத்து நேரலாம். பழைய வண்டிகளில் இவ்வாறு நேர்வதற்குப் பெரும்பாலும் காரணமாவது, பெற்றோலையும் காற்றையும் அளவாகக் கலந்தளிக்கும் காபுரேற்றரே.

வண்டி மெதுவோட்டத்தில் நில்லாது அணைந்துவிடுமாயின், சிறு ஜெற்றின் துளை அடைபட்டிருத்தல் கூடும். நெடுநாள் தேங்கிய பெற்றோல் பிசினாகிப் படிவதே இதற்குக் காரணம். அதனைக் கழற்றிக் கழுவிக் காற்றினால் ஊதுதல் வேண்டும். கம்பியாற் குத்தினால் துளை பெருத்து, அளவு கெடும்.

பெற்றோல் வழிந்தொழுகினால், மிதவையையோ ஊசியடைப்பானையோ சோதித்தல் வேண்டும். கிண்ணத்தின் அடியிலே தங்கிய நீர் உறைந்தும் வழியை அடைப்பதுண்டு. கிண்ணத்தை வடித்துவிடுதலே அதற்குப் பரிகாரம். இவற்றைச் செய்யுங்கால் அருகே நெருப்பு இருத்தலாகாது.

இவை யாவும் வண்டியை நிறுத்தும் குறைகள். ஆதலால் உடனே தெரிந்துவிடும். வேறொரு குறையோ வெளித்தெரியாது எஞ்சினையே அழிக்கும். குளிர் மிகுந்தாற் காற்று அடர்த்தியாகும். அதற்கேற்பப் பெற்றோலும் மிகுதல் வேண்டும். இளங்குளிருக்கென அமைத்த பிரதான ஜெற்றுடன் கடுங்குளிரில் விரைந்தோட்டினால், கலவையிற் பெற்றோல் குறைந்து, வெப்பம் மிகுந்து, பிஸ்டன் உருகவும் இறுகவும் கூடும். அதற்குச் சற்று முன்வரை எஞ்சின் நன்றாகவே ஓடுவதுபோலத் தோன்றும். உயர்ந்த மலைகளிலோ காற்று ஐதாதலால் சிறிய ஜெற் வேண்டப்படும்.

இதனை முன்னறிவிப்பது ஸ்பார்க் பிளக்கின் நிறம். கபிலநிறமாயின் கலவை செவ்வையானது. கரிபடிந்து கறுத்திருப்பின் பெற்றோல் மிகுதி. வெளுத்திருப்பின் பெற்றோல் குறைவு. கறுத்த பிளக் வண்டியைத் தடுமாறச் செய்யும். வெளுத்த பிளக்கோ எஞ்சினின் அழிவையே அறிவிக்கும். ஆதலின், எஞ்சினின் ஓசையை மட்டும் நம்பாது, புறப்படுமுன் பிளக்கைக் கழற்றி நோக்குவதே அறிவுடைமை.