வழுக்கையும் வைத்தியமும்

(காவிரிப் பாசனக் கிராமமொன்றில் பேசியதன் சாரம்)



இன்று நாம் மயிரைப் பற்றிப் பேசப் போகிறோம். சாதியையும் சாமியையும் பற்றிப் பேச வந்தவர்களுக்கு இதுவா வேலை என்று சிலர் சிரிக்கலாம். திருவையாற்றுப் பக்கத்துத் தோழர் ஒருவர் நம்மிடம் சொன்ன சங்கதியைக் கேட்டால் சிரிப்பு வராது. வயது 28. உச்சந்தலை வழுக்கை. பெண் பார்க்கப் போன இரண்டு இடத்திலும் ‘மாப்பிள்ளைக்கு வயது அதிகம் போலிருக்கிறதே’ என்றார்களாம். சோசியன் தோஷம் என்று சொல்லிப் பணம் பிடுங்கினான். வைத்தீசுவரன் கோயிலில் மொட்டை போட்டால் அடர்ந்து வளரும் என்றாள் பாட்டி, அதையும் செய்தார். மயிர்க்கால் இருப்பது தோலுக்குள்ளே. கத்தி அதைத் தொடுவதேயில்லை. பின் எப்படி அடரும்? பிறகு மூலிகைத் தைலம். குறுவை நெல் விற்ற பணம் புட்டி புட்டியாகத் தலையில் வழிந்து போயிற்று.

இவர் செய்த பாவம் யாது? ஒன்றுமில்லை. பரம்பரையும் ஆண்மைச் சுரப்பு நீரும் சேர்ந்து செய்கிற வேலை இது. பருவத்துக்கு முன் விதை நீக்கப்பட்டவர்களுக்கு இவ்வழுக்கை விழுவதில்லையென்று 1942-ல் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஹாமில்டன் காட்டினார். இதில் தோஷம் எங்கே வந்தது?

நிற்க, மருந்தே இல்லையா என்றால், ஒன்று உண்டு. மினாக்ஸிடில் என்பது இரத்தக் கொதிப்புக்குக் கொடுத்த மாத்திரை. தின்றவர்களுக்கு முகத்திலும் கையிலும் மயிர் முளைத்தது. இதென்ன வேடிக்கை என்று தேவியின் அருளாக்கிவிடாமல், அதைத் திரவமாக்கித் தடவிப் பார்த்தார்கள். ஒரு சாராருக்கு மருந்து, மற்றொரு சாராருக்கு மருந்து கலக்காத திரவம். யாருக்கு எது என்று தடவுகிறவருக்குத் தெரியாது. மருந்தில்லாததைத் தடவியவர்களிலும் சிலர் ‘முளைத்துவிட்டது’ என்றார்கள்! தைலக்காரன் காட்டும் நற்சாட்சிப் பத்திரங்களின் யோக்கியதை இதிலிருந்தே விளங்கவில்லையா? மருந்து தடவியவர்களிடம் பலன் அதைவிட அதிகமாயிருந்ததால்தான் 1988-ல் அமெரிக்க சர்க்கார் அனுமதித்தது. நம் நாட்டு 1945-ம் வருஷத்து மருந்து விதிகளிலோ, குணப்படுத்துவதாகச் சொல்லக்கூடாத வியாதிகளின் வரிசையில் வழுக்கையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. இருந்தும் விளம்பரம் ஓய்ந்தபாடில்லை.

இம்மருந்தையும் நாம் சாமியாக்கச் சொல்லவில்லை. எல்லோருக்கும் பலிப்பதில்லை. சமீபத்தில் உதிர்ந்த உச்சந்தலைக்கே பலன் அதிகம். வேளைக்கு 1 மில்லி, நாளைக்கு இரண்டு வேளை. 60 மில்லி புட்டி ஒரு மாதத்துக்கு. முதல் சில வாரங்களில் மயிர் இன்னும் கொட்டினாலும் கொட்டும். பயந்து விட்டுவிடுகிறவர்களே அநேகர். நாலு மாதமாவது பொறுக்க வேண்டும். நிறுத்தினாலோ முளைத்ததும் சில மாதங்களில் போய்விடும். ஆதலால் இது வருஷாவருஷம் வாய்க்கால் தூர் வாருகிற மாதிரிச் செலவு. கையிருப்பைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். இருதய நோயுள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. நெஞ்சு படபடத்தாலும் தலை சுற்றினாலும் உடனே நிறுத்த வேண்டும். வீட்டில் பூனையிருந்தால் ஜாக்கிரதை. பூனைக்கு இது விஷம்.

வட்ட வட்டமாகத் திடீரென்று விழுகிறதே, புழுவெட்டு, அது வேறு சங்கதி. அதில் புழு ஏதுமில்லை. உடம்பின் காவல் அணுக்களே மயிர்க்காலைத் தாக்குகின்றன. அதற்குத் தோல் வைத்தியரைத்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் கேட்ட தோழர், ‘நீங்கள் ஏன் தடவவில்லை?’ என்று நம் தலையைப் பார்த்துக் கேட்டார். நியாயமான கேள்வி. நமது வழுக்கைக்கு வயது பதினைந்து. அங்கே மருந்துதான் வீண். அவருக்கோ விழுந்து இரண்டு வருஷந்தான் ஆகிறது. தஞ்சாவூரில் டாக்டரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.