நீரிழிவும் நம் கடமையும்

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் மருத்துவன் அல்லன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் எழுத்தறிவு பெற்று, இன்று அரசாங்க அலுவலகத்தில் பணிபுரியும் ஓர் ஊழியன். ஆயினும், நம் மக்கள் ‘இனிப்புநீர்’ என்று சொல்லும் நீரிழிவைப் பற்றிப் பேச எனக்கும் ஒரு காரணம் உண்டு.

என் தந்தையார் ஓராண்டு பால்குடம் சுமந்து நடந்தார். சூடேறிய தார்ச்சாலையில் அவர் பாதம் கொப்பளித்தது. அவருக்கோ வலி தெரியவில்லை. “முருகன் அருளால் வலிக்கவே இல்லை” என்றார். நாங்களும் மகிழ்ந்தோம். நீரிழிவு அவருடைய கால் நரம்புகளை மரத்துப்போகச் செய்திருந்ததைப் புண் முற்றிய பின்னரே அறிந்தோம். முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று.

இஃது எங்கள் வீட்டுத் துயரம் மட்டுமன்று. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நாட்டில் நோயுற்றோருள் ஏறத்தாழப் பாதிப் பேர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். 2023ஆம் ஆண்டின் ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாகக் குறைந்தது. ஆனாலும், நாம் கவலையற்று இருக்கும் நிலை இன்னும் வரவில்லை.

அன்பர்களே! தோட்டத்தில் வாழ்ந்தோருக்கு ‘டிரெசர்’ நினைவிருக்கும். அவர் மருந்து கொடுப்பதோடு நில்லாமல், லயன் வீடுகளில் யார் நோயுற்றிருக்கிறார் என்பதையும் அறிந்திருந்தார். தோட்டங்களை விட்டுக் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் குடிபெயர்ந்த நமக்கு மருத்துவமனைகள் அருகில் வந்தன. நம்மைப் பெயர் சொல்லி விசாரிக்கும் அந்த மனிதர்தாம் இல்லாமற் போனார்.

அந்த இடத்தை நிரப்பக்கூடியவர்கள் சமூகச் சுகாதாரத் தன்னார்வலர்கள். சுகாதார அமைச்சு 2013ஆம் ஆண்டில் ‘கோஸ்பென்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அதன்வழி, குடியிருப்புகளிலுள்ள சாதாரண மக்களே பயிற்சி பெற்று, அண்டை வீட்டாரின் எடை, இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை ஆகியவற்றைச் சோதிக்கின்றனர். அளவு மிகுந்திருந்தால் சுகாதாரக் கிளினிக்கிற்கு அனுப்பி வைக்கின்றனர். நோய் உண்டென்று உறுதி செய்வதும் மருந்து தருவதும் மருத்துவரின் பணியே.

மருத்துவர் நம்மோடு பேசுவது சில நிமிடங்கள். எஞ்சிய நாள்களில் தே தாரிக்கில் எத்தனை கரண்டிச் சீனி, இரவில் எத்தனை கரண்டிச் சோறு என்பதை முடிவு செய்பவர்கள் நாமே. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ மீனோ, பாதி காய்கறியும் பழமும் என்று அமைச்சு கூறும் முறையை, நம் வீட்டுக் குழம்பையும் கூட்டையும் வைத்தே விளக்குவதற்கு நம்மவர் ஒருவர் வேண்டும். பாகற்காய்ச் சாற்றை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்ட பாட்டியிடம், அவர் மனம் நோகாமல் எடுத்துச் சொல்வதற்கும் அவரே வேண்டும்.

இத்தகைய அறிவுரையால் பயன் உண்டா என்று ஐயுறுவோர் சென்னையைப் பார்க்கட்டும். மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 2006ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நீரிழிவின் விளிம்பில் இருந்தோருக்கு உணவையும் நடைப்பயிற்சியையும் பற்றித் தொடர்ந்து நினைவூட்டியதால், நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மருந்தின்றியே கிட்டிய பயன் இது.

ஆகவே, ஆலயத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, இளைஞர் பகுதியிலிருந்தும் மகளிர் பகுதியிலிருந்தும் சிலர் இப்பயிற்சி பெற முன்வர வேண்டும். இரண்டாவது, அன்னதானத்தில் காய்கறி மிகட்டும். சீனியில்லாப் பானமும் இருக்கட்டும். மூன்றாவது, காவடியோ பால்குடமோ எடுக்கப் பெயர் கொடுப்போரிடம் ‘நீரிழிவு உண்டா?’ என்று பரிவோடு கேட்க வேண்டும். இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் உண்ணா நோன்பிருந்தால், சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். அத்தகையோர் விரதம் தொடங்குமுன் மருத்துவரைக் காண வேண்டும். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்பதையும் கிளினிக்கில் சோதித்துக்கொள்ள வேண்டும். நேர்த்திக்கடன் முடிந்ததும் தன்னார்வலர் ஒருவர் அவர்தம் பாதங்களைப் பார்க்கட்டும்.

பக்தியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. அடுத்த ஆண்டும் அதே கால்களால் நடந்து வந்து இறைவனை வணங்குங்கள் என்றே வேண்டுகிறேன். அன்று எந்தையின் பாதத்தைப் பார்ப்பதற்கு அறிந்தவர் ஒருவர் இருந்திருந்தால், அவர் கால் தப்பியிருக்கக்கூடும். நாளை உங்கள் தந்தைக்கு அப்படி ஒருவர் இருக்கட்டும்.

எல்லாம் வல்ல இறைவன் அனைவருக்கும் நோயற்ற வாழ்வை அருள்வானாக!