ஓட்டுக்குச் சத்தியமா?

(திருநெல்வேலிக் கூட்டத்தில் பேசியது)



பார்லிமெண்டுத் தேர்தல் என்றால் வீட்டுக்குப் பணம் வருகிறது. கூடவே சாமியும் வருகிறது. பணத்தைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஏப்ரலில், ஓட்டுப் போடுவதற்குப் பதின்மூன்று நாள் முன்னால், திருநெல்வேலிக்கு வரும் ரயிலில் தாம்பரத்திலே சுமார் 4 கோடி ரூபாய் பிடிபட்டது உங்களுக்குத் தெரியும். அது யாருடையது என்பதைக் கோர்ட்டு பார்த்துக் கொள்ளட்டும். நான் பேச வந்தது சாமியைப் பற்றி.

ரூபாய் கொடுக்கிறவன் சும்மா கொடுப்பதில்லை. கற்பூரத்தைக் கொளுத்தி வைத்து, மாற்றிப் போட்டால் குலம் விளங்காது என்பதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டு போகிறான். ஏன்? திரைக்குள் நீங்கள் எந்தப் பொத்தானை அமுக்கினீர்கள் என்பது அவனுக்குத் தெரியாது. ஆகவே அந்த இடத்தில் காவல் நிற்கச் சம்பளமில்லாத ஆள் வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் சுடலைமாடனையும் இசக்கியம்மனையும் கூப்பிடுகிறான். லஞ்சம் கொடுப்பது குற்றமாயிற்றே. சாமிக்குக் கண் இருந்தால் முதலில் யார் கண்ணைக் குத்த வேண்டும்?

இதை நாஸ்திகன் பேச்சென்று தள்ளிவிட வேண்டாம். தெய்வ கோபத்துக்கு ஆளாவாய் என்று ஓட்டரைப் பயமுறுத்துவது குற்றமென்று வெள்ளைக்காரன் காலத்தில், 1920லேயே சட்டம் வந்துவிட்டது. 1951ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆவது பிரிவும் அதை முறைகேடு என்றே சொல்லுகிறது. வேட்பாளரோ, அவர் சம்மதத்தின் பேரில் வேறொருவரோ செய்தது ருசுவானால், ஜெயித்த தேர்தலும் செல்லாமல் போகும். 

"வாங்கின காசுக்கு நாணயம் வேண்டாமா?" என்று ஒரு தோழர் கேட்கலாம். வாங்காமல் இருப்பதே நாணயம். 500 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருஷத்துக்குப் பங்கு போட்டால் நாளொன்றுக்கு 27 காசு. இந்த விலைக்கு விற்றதோடு பயத்தையும் சேர்த்தா சுமப்பது? வாங்கித் தொலைத்தவரையுங்கூட அந்தச் சத்தியம் கட்டாது. திருட்டு வியாபாரத்துக்குப் பத்திரம் ஏது?

இதைவிட அக்கிரமம் ஒன்று உண்டு. புருஷன் செய்த சத்தியம் பெண்சாதியையும் கட்டுமாம்! சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டு 1921இல் வந்தது, அதுவும் சொத்துள்ளவர்களுக்கே. வயது வந்த எல்லோருக்கும் கிடைத்தது 1951-52 தேர்தலில்தான். அப்போது வடநாட்டில், தன் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று மட்டும் சொன்னதால் பட்டியலில் இடமில்லாமல் போன பெண்கள் சுமார் 28 லட்சம் பேர். இங்கே பெயர் பட்டியலில் இருக்கிறது. ஓட்டோ புருஷன் கைக் கற்பூரத்தில் இருக்கிறது.

தாய்மார்களே! திரைக்குள் அவர் வர முடியாது. காட்டிக் கொடுக்கிறேன் என்று கூட வந்தால், சாவடி அதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், வெளியே அனுப்பிவிடுவார்.